கோபத்தின் ஆயுள்

காலை நடை முடிந்து நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் சென்ற ஆண்டு ஒரு நாள் நடந்தது இது. பல வருஷங்கள் இழுத்த வழக்கொன்றிலிருந்து அரசியல்வாதி ஒருவர் விடுவிக்கப்பட்ட செய்தி பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்திருந்தது. எந்தக் கட்சி, எந்த வழக்கு என்பது இங்கு முக்கியமில்லை. படித்தவர் பேப்பரைப் பெஞ்சில் அடித்து, "இவனுகளையெல்லாம் நடுரோட்டுல நிறுத்திச் சுடோணும்" என்றார். சுடுவது போதாது என்று பக்கத்திலிருந்தவர் வேறொரு வழி சொன்னார். நானும் ஏதோ சொன்னேன். பத்து நிமிஷம் இப்படிப் போயிற்று. டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு இருந்தது. காய்ச்சல் விட்டவன் முகத்தில் வருகிற தெளிவு. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வீட்டுக்கு வரும் வழியில் அந்தத் தெளிவுதான் என்னை உறுத்தியது.

அநீதியைக் கண்டு எழுந்த கோபம் ஆளை இவ்வளவு லேசாக்கி வீட்டுக்கு அனுப்புமானால், அதை எந்த வகையான கோபம் என்று சொல்வது? தார்மீகக் கோபம் என்ற சொல்லை நம் சிற்றேடுகள் நிறையவே புழங்கியிருக்கின்றன. படைப்பாளிக்கு அது இன்றியமையாதது என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதியபோது அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. இப்போது ஒரு வழக்கை வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். எனக்கு மிக அருகில் நடந்தும் நான் பார்க்கத் தவறிய வழக்கு அது.

*

1976 மார்ச் 1ஆம் தேதி விடியற்காலையில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியின் விடுதியிலிருந்து ராஜன் என்ற இறுதியாண்டு மாணவனைப் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். காயண்ணா போலீஸ் நிலையத்தை நக்ஸலைட்டுகள் தாக்கி ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. சந்தேகத்துக்கு உள்ளானவர்களைக் கக்கயம் என்ற மலையோர ஊரில் அமைத்திருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்த விசாரணைக்கு 'உருட்டல்' என்று பெயர். ஆளைப் பெஞ்சில் படுக்கவைத்துக் கட்டி, தொடைகளின் மேல் உலக்கையை அழுத்தி உருட்டுவது. நெல் குத்துகிற உலக்கைதான். ராஜன் அதைத் தாங்கவில்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவனுடைய தந்தை ஈச்சர வாரியர் ஹிந்திப் பேராசிரியர். மகன் பிடிபட்ட செய்தியைக் கல்லூரி முதல்வர் அவருக்குத் தெரிவித்தார். அன்று தொடங்கிய அலைச்சல் ஒரு வருஷம் நீண்டது. போலீஸ் முகாம்கள், அதிகாரிகள், உள்துறை அமைச்சர் கே. கருணாகரன், தில்லிக்கு மனுக்கள். அவரால் கோர்ட்டுக்குப் போக முடியவில்லை. ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் ஹேபியஸ் கார்பஸ் மனுவுக்கு நெருக்கடி நிலையில் இடமில்லை என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறானது என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 வரை ஆயிற்று.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீங்கியது. 25ஆம் தேதி வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அதே நாட்களில்தான் கருணாகரன் முதலமைச்சராகிறார். ராஜன் கைது செய்யப்படவே இல்லை என்று அரசுத் தரப்பு பிரமாணம் செய்தது. கல்லூரி முதல்வரும் மாணவர்களும் வேறு விதமாகச் சொன்னார்கள். ஏப்ரல் 13 அன்று நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலிதும் சாட்சிகளை நம்பினார்கள். போலீஸ் அவனைக் கொண்டுபோனது உண்மை, அவனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் முதலமைச்சர் பதவி விலகினார். அடுத்த மாதம், ராஜன் இறந்துவிட்டான் என்று அரசு ஒப்புக்கொண்டது.

இதற்குப் பின் நடந்தது நமக்குப் பழக்கமான கதை. போலீஸ் அதிகாரிகள் மீதான வழக்கு கேரளத்துக்கு வெளியே, கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. உடல் இல்லாத இடத்தில் கொலைக் குற்றம் நிற்கவில்லை. கிடைத்த தண்டனையும் மேல்முறையீட்டில் கரைந்தது. பொய்ப்பிரமாண வழக்கு கருணாகரனைத் தண்டிக்காமலே முடிந்தது. போலீஸார் தந்த தகவலையே நான் கோர்ட்டில் சொன்னேன் என்பது அவர் நிலை. 1981இல் மீண்டும் முதலமைச்சர், 1982இல், 1991இல், பிறகு மத்திய அமைச்சர். 2010 டிசம்பரில் இறந்தபோது அரசு மரியாதைகளுடன் இறுதிச் சடங்கு. ஈச்சர வாரியர் அதற்கு நாலரை வருஷங்களுக்கு முன்பே, 2006 ஏப்ரலில் இறந்துபோயிருந்தார்.

*

அதிகாரம் எப்படித் தப்புகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. உத்தரவு மேலிருந்து கீழே வாய்மொழியாக இறங்குகிறது. பொறுப்பு கீழிருந்து மேலே ஏறும்போது காகிதம் கேட்கிறது. காகிதம் இல்லை. கீழே இருப்பவன் மேலதிகாரி சொன்னார் என்கிறான், மேலதிகாரி விசாரணை என்கிறார், அமைச்சர் எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான் என்கிறார். ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு பையன் காணாமல் போயிருக்கிறான். எவரும் அவனைக் கொல்லவில்லை.

இதை நினைத்தால் கோபம் வரத்தான் செய்யும். வர வேண்டும். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, நம் கோபம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. 1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா இந்திரா காந்தியைத் தூக்கி எறிந்தது. அதே தேர்தலில் கேரளம் நெருக்கடி நிலை அரசின் கூட்டணிக்குச் சட்டமன்றத்தின் 140 இடங்களில் 111ஐயும், மக்களவையின் 20 இடங்கள் முழுவதையும் கொடுத்தது. ராஜன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. படித்தவர்கள் நிறைந்த மாநிலம், பத்திரிகை படிக்காதவன் அபூர்வம். தமிழ்நாட்டைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் எதுவுமில்லை. 1976 ஜனவரி 31இல் ஆட்சி கலைக்கப்பட்டது, சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள், சிட்டிபாபு உயிரையே கொடுத்தார். நம் ஓட்டும் பெரும்பாலும் அதே பக்கம்தான் விழுந்தது. சிறைக் கொடுமையை விசாரித்தவர் கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில். அந்த அறிக்கையைத் தேடிப் படித்தவர்கள் நம் இலக்கிய வட்டத்தில் எத்தனை பேர்? நான் படிக்கவில்லை. அவருடைய கம்பன் கட்டுரைகளைப் படித்திருந்தேன்.

வடக்கின் கோபத்துக்கு மட்டும் ஆயுள் கெட்டியா என்றால் அதுவுமில்லை. 1977 அக்டோபரில் இந்திரா காந்தியைக் கைது செய்தார்கள், மறுநாளே விட வேண்டியதாயிற்று. ஷா கமிஷன் 1978இல் மூன்று அறிக்கைகள் தந்தது. 1980 ஜனவரியில் 353 இடங்களுடன் அவர் திரும்பி வந்தார். மூன்று வருஷங்கூட ஆகவில்லை.

மக்கள் மறதிக்காரர்கள் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். அறிவுஜீவிகளுக்குச் சௌகரியமான முடிவு அது, தன்னை விட்டுவிட்டு மற்றவர்களைப் பற்றிச் சொல்வது. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மறதி கோபத்துக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். டீக்கடையில் நான் கண்டது அப்படி இல்லை. கோபப்பட்டுத்தான் நாங்கள் மறந்தோம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி அதில் இருந்தது. தண்டிக்க வேண்டியவன் வேறு எங்கோ இருக்கிறான், தண்டிப்பவனும் வேறு எங்கோ இருக்கிறான், நமக்கு மிச்சம் இருப்பது கத்துவது ஒன்றுதான் என்று ஆகிவிட்ட பிறகு, கத்தி முடித்ததும் கடன் தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. "நடுரோட்டில் நிறுத்திச் சுட வேண்டும்" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் நேரே பார்க்க வேண்டும். 1976 மார்ச் முதல் வாரத்தில், போலீஸ் நிலையத்தைத் தாக்கியவர்களைப் பற்றி எத்தனை டீக்கடைகளில் இதே வாக்கியம் சொல்லப்பட்டிருக்கும்? விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம், இவனுகளை எல்லாம்... கக்கயத்தில் உலக்கை இந்த வாக்கியத்தின் துணையோடுதான் உருண்டது. பெரியவர்கள் தப்பித்துப்போகும்போது நாம் கேட்கிற உடனடித் தண்டனை, கிடைக்கும்போது பெரியவர்கள்மேல் விழுவதில்லை. அது விழுவதற்கு ஒரு மாணவனைத்தான் கண்டுபிடிக்கும்.

*

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு திரைப்பட சங்கத்தில் ஷாஜி என். கருணின் 'பிறவி' திரையிட்டார்கள். வராத மகனுக்காகக் காத்திருக்கும் கிழவராகப் பிரேம்ஜி நடித்த படம். ராஜன் பெயர் அதில் வராது, ஆனாலும் எந்தத் தந்தை என்று எல்லோருக்கும் தெரியும். நான் அழுதேன். வெளியே வந்து நின்று, படத்தில் மழையும் ஆறும் எப்படி மொழியாக மாறியிருக்கின்றன என்று பேசிக்கொண்டிருந்தோம். மலையாள நண்பர் ஒருவர் பேச்சின் நடுவே சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் கேஸ் இங்கதானே நடந்தது. உங்க கோர்ட்டில்."

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் கோவையில்தான் இருந்தேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கோர்ட் வளாகத்தைத் தினமும் பஸ்ஸில் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போனேன். செய்தி பேப்பரில் வந்திருக்கும். நான் படித்தும் இருப்பேன். நினைவில்லை. நினைவில் இருப்பது, அந்த வருஷங்களில் ஒரு நண்பரின் மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடி இருத்தலியல் பற்றிப் பேசியது. அபத்தம், வேதனை, மனிதனின் தனிமை. காம்யுவின் அந்நியன் கோர்ட்டில் நிற்கும் காட்சியைப் பற்றி நான் ஒரு கட்டுரை வாசித்தேன், பாராட்டினார்கள். ஒரு மைல் தூரத்தில் நிஜமான ஒரு கோர்ட்டில், மகன் உடல்கூடக் கிடைக்காத ஒரு மனிதரின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர் பெஞ்சில் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நான் போயிருந்தால் தீர்ப்பு மாறியிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் இன்று 'தார்மீகக் கோபம்' என்று நான் எழுதும்போது என் பேனா தடுமாறாமல் இருந்திருக்கும்.

ஈச்சர வாரியர் தன் அனுபவத்தைப் பின்னாளில் புத்தகமாக எழுதினார். கோபத்தை எதிர்பார்த்துப் படித்த எனக்கு அதில் கிடைத்தது வேறு. மகன் இறந்ததை, மனம் பேதலித்திருந்த மனைவியிடம் அவர் சொல்லவேயில்லை. அவன் வருவான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அந்தப் பொய். வெளியே, முப்பது வருஷங்களாக ஒரே கேள்வி: என் மகனின் உடலை என்ன செய்தீர்கள்? தூக்கில் போடு என்று அவர் கேட்டிருந்தால், தூக்கில் போட முடியாது என்ற பதிலோடு விஷயம் முடிந்திருக்கும். அவருடைய கேள்விக்கு மேல்முறையீடு கிடையாது. எந்தத் தேர்தல் வெற்றியும் அதற்குப் பதிலாகவில்லை. கருணாகரன் இறந்தபோதும் அவரைப் பற்றி எழுதியவர்கள் ராஜன் பெயரைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. கோர்ட் தண்டித்திருந்தால்கூட அது அவ்வளவு காலம் நீடித்திருக்குமா என்பது சந்தேகம்.

முதலமைச்சர் நாற்காலியை அசைத்தது எது என்று திரும்பிப் பார்க்கிறேன். 1977 ஏப்ரலில் கேரளத் தெருக்களில் கோபம் இருந்தது, உண்மை. அதற்கு ஒரு மாதம் முன்னால் அதே தெருக்கள் 111 இடங்களைக் கொடுத்திருந்தன. இடையில் நடந்தது ஒன்றுதான். ஒரு கல்லூரி முதல்வரும் சில பையன்களும் கோர்ட்டில் நின்று, அவனைக் கொண்டுபோனார்கள் என்று சொன்னார்கள். அரசு ஒரு பக்கம் பிரமாணம் செய்திருக்கும்போது, அரசுச் சம்பளத்தில் இருப்பவர் மறுபக்கம் நின்று சொல்வது சின்னக் காரியமல்ல. அதில் ஆவேசம் எதுவும் தேவைப்படவில்லை. நடந்ததை நடந்தது என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.

கேரளத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1970 பிப்ரவரியில் வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்ஸலைட் வர்கீஸ் மோதலில் செத்ததாகப் போலீஸ் சொன்னது. 28 வருஷங்கள் கழித்து, 1998இல், ராமச்சந்திரன் நாயர் என்ற ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பிடித்துக் கட்டி வைத்திருந்த மனிதரை மேலதிகாரியின் உத்தரவால் நான்தான் சுட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். தன்னையே முதல் குற்றவாளியாக்கிக்கொண்ட வாக்குமூலம் அது. அதன் பேரில் வழக்கு நடந்து, 2010இல் உயர் அதிகாரியாக ஓய்வுபெற்ற லக்ஷ்மணாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பைக் கேட்க நாயர் உயிரோடு இல்லை. நாற்பது வருஷங்களாக வர்கீஸுக்காகக் கோபப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வழக்கை நகர்த்தியது, சுட்ட கை பேசியதுதான்.

*

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கையாலாகாதவனுக்கு ஆறுதல் சொல்கிறாய். கேள்வி, சாட்சி என்பதெல்லாம் சரி. ஆனால் தண்டனை என்பது பழிவாங்கல் மட்டுமில்லை. உன் உயிரும் என் உயிரும் ஒரே விலை என்று ராஜ்யம் வாய்விட்டுச் சொல்லும் வாக்கியம் அது. அந்த வாக்கியம் சொல்லப்படாத இடத்தில் கோபப்படாதே என்றால், அதிகாரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?"

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. தண்டனை வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. வாரியரும் மன்னிக்கவில்லை, வழக்குகளை அவர் தானாகக் கைவிட்டதில்லை. நான் சொல்வது, அவருடைய கோபத்துக்கு ஒரு வேலை இருந்தது என்பதை. மனு எழுதுவது, சாட்சியைத் தேடிப்போவது, அடுத்த கோர்ட்டுக்குப் போவது, கடைசியில் புத்தகமாக எழுதிவைப்பது. வேலை இருந்ததால் அது முப்பது வருஷம் உயிரோடு இருந்தது. எங்கள் கோபம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது.

தமிழனுக்குக் கோபம் என்றால் கண்ணகிதான் நினைவுக்கு வருகிறாள். அவளை நாம் பாதிதான் படித்திருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. நம் மேடைகள் கொண்டாடுவது தீயை. தீ பிறகு வந்தது. முதலில் அவள் கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு. உன் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்ட முடிகிற ஒரு சான்று. அதோடு அவள் காவல் கடந்து அரசன் முன் போய் நின்றாள். அந்தக் கணத்திலேயே பாண்டியன் விழுந்து இறக்கிறான். நம் கணக்குப்படி தண்டனை அங்கே முடிந்துவிட்டது. அவளுக்கு முடியவில்லை. அரசன் செத்த பிறகுதான் ஊர் எரிகிறது. இதை மிகை என்று நினைத்த காலம் உண்டு. இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். நிரபராதியை வெட்டியது அரசனின் ஆணை. வெட்டியபோது ஊர் இருந்தது. கடைகள் திறந்திருந்தன. குழந்தைகளையும் முதியோரையும் அறத்தில் நின்றவர்களையும் விட்டுவிடச் சொல்லிவிட்டு, மிச்சம் இருந்தவர்கள் பக்கம் அவள் திரும்புகிறாள். அந்த மிச்சத்தில் என்னைப் போன்றவர்கள் இருந்திருப்பார்கள். தொடித்தலை விழுத்தண்டினாரை நயம் பாராட்டிக்கொண்டு, கொலைக்களத்துக்கு ஒரு மைல் தூரத்தில்.

பெரியவர்கள் தப்பும்போதெல்லாம் எனக்கு இனிக் கோபம் வராது என்று சொல்ல முடியாது. நாளைக் காலையும் அதே பெஞ்சில்தான் உட்காருவேன், பேப்பரில் ஏதாவது இருக்கும். ஒன்று மட்டும் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். வாயைத் திறப்பதற்கு முன்னால், இந்த விஷயத்தில் நான் பார்த்தது என்ன, எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டது என்ன என்று யோசிப்பது. பெரும்பாலான நாட்களில் பதில் ஒன்றுமில்லை என்று வரும். சில நாட்களில் அப்படி வராது. என் ஊரிலும், நான் முப்பது வருஷம் வேலை பார்த்த இடத்திலும் சிறியதும் பெரியதுமாக நடந்தவை சில எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை என்பதால் நானும் சொன்னதில்லை.

கோயம்புத்தூர்க் கோர்ட் வாசலை இப்போதும் பஸ்ஸில் கடக்கிறேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் அந்தப் பக்கம் பார்க்கிறேன். நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் தாமதமான பார்வை. உள்ளே இன்றைக்கு எந்தத் தகப்பனின் வழக்கு நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. போய் உட்கார்ந்தால் தெரியும்.